சரித்த தட்டு

உருகிய எஃகில் தண்ணீரைப் பீச்சினால் அது சிதறிக் கடுகுபோல் உறையும். கப்பல் துருவை அடித்து உதிர்க்கும் குண்டுகள் அவை. ஜீபோ நகர ஆலையில், கண்ணாடித் தட்டைச் சரித்து அவை சரியாக உருள்கின்றனவா என்று பார்ப்பது ஷூஃபென்னின் வேலை. அங்கே உலையில் எஃகு உருக்கும் அவள் கணவன் பாவ்ஷான் திங்கட்கிழமையிலிருந்து வீடு திரும்பவில்லை.

"உங்க வெங்காயத்தாள் ரொட்டிக்குப் பயந்து அண்ணன் தெற்கே ஓடிட்டாரு அண்ணி!" என்று மேஸ்திரி லூ சிரித்தார்.

ஆனால் அன்று அவன் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா உலையருகே ஆணியில் திறக்கப்படாமலே தொங்கியது.

திங்கட்கிழமை அந்த உலையில் உருக்கிய குண்டுகளைத் தட்டில் கொட்டி எதிர்ப்பக்கம் சரித்தாள். அவை மேடேறி அவளிடம் வந்தன. தட்டைத் திருப்பி, மறுபடியும் எதிர்ப்பக்கமே சரித்தாள். அப்போதும் அவளிடமே வந்தன.

"நீங்க கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று லூவிடம் நீட்டினாள்.

லூ சிரிப்பை நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.