நாலாவது பெயர்

"நாலு நோயாளி சேர்ந்தாத்தான் வண்டி கிளம்பும். உங்க ஒருத்தருக்காக விதியை மாத்த முடியாதும்மா" என்றாள் நர்ஸம்மா. நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

நோட்டில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. காலில் புண்ணோடு ஒரு பெரியவர், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அப்புறம் ஆறு வயதுப் பாப்பா.

"என் பேரையும் எழுதிக்குங்க சிஸ்டர். எனக்கும் தலைவலிதான்" என்றாள் பாப்பாவின் அம்மா.

"கூட வர்றவங்க எல்லாம் நோயாளி ஆக முடியாது. போய் உக்காருங்க."

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது இந்த ஒரே வேன்தான். பஸ் மதியத்துக்கு மேல்தான் வரும். அது போய்ச் சேர்வதற்குள் ஊசி போடும் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

சாதாரண ஊசி என்றால் அவள் இவ்வளவு பதறமாட்டாள். இன்னும் கடைக்கே வராத மருந்து. பாப்பாவைப் போலத் தசை பலவீனமான நாற்பது குழந்தைகளுக்குப் போட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். பதினாலு நாளைக்கு ஒரு ஊசி. ஒரு நாள் தள்ளிப்போனால் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாவது நாளும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்று ஊசியில் பாப்பா யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தாள்.

நேற்று இரண்டே பேர் என்று வண்டி கிளம்பவில்லை. இன்றைக்குத்தான் கடைசி நாள்.

"எட்டரை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் டிரைவரை வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றாள் நர்ஸம்மா.

மணி எட்டு இருபத்தைந்து. பாப்பாவின் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு கல்நெஞ்சக்காரியை எங்கிருந்து பிடித்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்களோ என்று மனதுக்குள் சபித்தாள்.

அப்போதுதான் ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நர்ஸம்மா, வயித்துவலி தாங்க முடியலை. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். எழுந்திரிக்கவே முடியலை."

பாப்பாவின் அம்மாவுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே போகவும் செய்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். காலையில் வரும் வழியில், மீன் இறங்குகிற இடத்தில், ஐஸ் போட்ட பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு, யாரையோ கிண்டல் செய்து சிரித்தபடி போன அதே ஆள்.

பாப்பாவும் பார்த்திருந்தாள்.

"அம்மா, இந்த மாமாதானே காலையில மீன் பெட்டி…"

அவள் சட்டென்று பாப்பாவின் வாயைப் பொத்தினாள்.

நர்ஸம்மா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். "பாப்பா என்ன சொல்லுது?"

"தண்ணி கேக்குதுங்க சிஸ்டர்."

பொய் சொல்லிவிட்டாள். மாட்டிக்கொண்டால் வண்டி மட்டுமா, இனி இந்த வாசலையே மிதிக்க முடியாது. பாப்பாவின் வாயிலிருந்து கையை எடுக்கவே பயமாக இருந்தது.

நர்ஸம்மா அந்த ஆளைப் பெஞ்சில் படுக்கச் சொன்னாள்.

"ஐயோ, அம்மா" என்று முனகினார் அவர்.

"நான் இன்னும் கையே வைக்கலையே."

"வைக்கப்போறீங்கன்னு நினைச்சாலே வலிக்குதுங்க."

நர்ஸம்மா வலப்பக்கம் அமுக்கினாள். வலிக்கிறது என்றார். இடப்பக்கம் அமுக்கினாள். அங்கேயும் வலிக்கிறது என்றார். கொஞ்ச நேரம் அவரையே முறைத்துப் பார்த்தாள்.

"போன வாரம் நெஞ்சுவலி. அதுக்கு முன்னாடி தலைசுத்தல். உடம்புல இன்னும் எதுதான் பாக்கி?"

"என்ன பண்றது, எனக்கு வாய்ச்ச உடம்பு அப்படி."

நர்ஸம்மா நாற்காலிக்குத் திரும்பி, பேனாவை எடுத்து, வேண்டா வெறுப்பாக நாலாவது பெயரை எழுதினாள்.

"ஏறுங்க எல்லாரும். டிரைவர், கிளப்புப்பா."

வேன் தெருமுனை திரும்பும்வரை பாப்பாவின் அம்மா பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நர்ஸம்மா எந்த நிமிஷமும் வெளியே ஓடிவந்து நிறுத்தச் சொல்லுவாள் என்று தோன்றியது. பாலம் தாண்டிய பிறகுதான் பக்கத்து ஸீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். வயிற்றில் இருந்த கையை எடுத்துவிட்டு அவர் சௌகரியமாகச் சாய்ந்திருந்தார்.

"அண்ணே, காலையில உங்களைப் பார்த்தேன்" என்றாள் மெதுவாக.

"பாப்பா சொல்ல வந்தப்பவே தெரிஞ்சுது. நல்ல வேளை, வாயைப் பொத்தினீங்க. பெரியவரும் அந்தப் பொண்ணும் கேட்டிருந்தா நாளைக்கே ஊர் பூரா பரவிடும்."

"ஊரை விடுங்க. அந்த நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா என் குழந்தை கதி என்ன ஆயிருக்கும்? அந்த அம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது."

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"நர்ஸம்மாதான்."

கண்டுபிடித்துவிட்டாள், வண்டியைத் திருப்பச் சொல்லப்போகிறாள். அம்மா பாப்பாவை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"சொல்லுங்க நர்ஸம்மா… ஆமா, பாலம் தாண்டியாச்சு, இனி பயமில்லை… நாளைக்கும் மூணு பேர்தானா? சரி, காலையில நீங்க போன் பண்ண உடனே வந்துடறேன். என்ன வியாதின்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க."