உண்மைவிளம்பியின் வாய்

"பாவி! இவனெல்லாம் உருப்படுவானா?" தம்பி மேஜையில் குத்திய குத்தில், அக்காவின் டீ தளும்பிச் சிந்தியது.

தம்பி நடத்தும் இணைய விவாத மன்றத்தில் அந்த ஆள் மறுபடியும் எழுதியிருந்தான். 'யூத இனப்படுகொலை என்பதே கட்டுக்கதை. அந்த மாடி வீட்டுக் கிழவி சொல்வது சுத்த நடிப்பு.' இந்த லட்சணத்தில் புனைபெயர் உண்மைவிளம்பியாம்!

மாடி வீட்டு அம்மா, சிறுமியாக நாஜி முகாமில் கிடந்து உயிர் பிழைத்தவர். கூடப் போன அவருடைய அக்கா திரும்பவில்லை. யாரிடமும் வாய் திறக்காதவர், கீழ்வீட்டுச் சரித்திர டீச்சரான தம்பியின் அக்காவை நம்பித்தான் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் கெஞ்சிக் கேட்டதால் மன்றத்தில் போடவும் சம்மதித்தார்.

"இவனை மன்றத்தை விட்டே துரத்துடா," என்றாள் டீச்சர்.

"துரத்தினா நம்மகிட்ட பதில் இல்லேன்னு ஊரெல்லாம் சொல்வான்க்கா. நீ எழுது, சும்மா விடாதே!"

அவள் எப்போது சும்மா விட்டாள்? கொன்றவர்களே எழுதிவைத்த ஆவணங்கள், முகாம்களுக்கு ஓடிய ரயில்களின் விவரம், நீதிமன்றத்தில் அவர்களே ஒப்புக்கொண்ட வாக்குமூலங்கள் என்று எடுத்துப்போட்டு வெளுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். வேடிக்கை பார்க்க மன்றத்தில் கூட்டம் அலைமோதியது. நடுவில் தம்பி காய்ச்சலில் சுருண்டு கிடந்த வாரம் மட்டும் உண்மைவிளம்பி மூச்சு விடவில்லை. அவன் வாயை அடைத்துவிட்டோம் என்று, தம்பிக்குக் கஞ்சி கொடுத்தபடியே பூரித்துப்போனாள் டீச்சர். அடுத்த வாரமே வந்துவிட்டான் பாவி.

கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு அம்மா. கையில் இருந்த போனில் உண்மைவிளம்பி எழுதிய வரிகள்.

"நான் நடிக்கிறேனாமே? எங்க அக்கா உயிரோட இருந்திருந்தா, இத்தனை வருஷத்துல ஒரு தடவை என்னைத் தேடி வந்திருக்க மாட்டாளா?"

எத்தனை ஆவணம் கைவசம் இருந்து என்ன? டீச்சர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை நம்பித்தானேம்மா சொன்னேன்," என்றார் அந்த அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி படியேறிப் போனார்.

டீச்சர் கணினியைப் படாரென்று மூடினாள். "போதும்டா சாமி! இனிமே அவனுக்கு ஒரு வரி எழுத மாட்டேன். தனியா கத்திக்கிட்டுக் கிடக்கட்டும்."

தம்பியின் முகம் வெளிறியது. "அவசரப்படாதேக்கா! உங்க சண்டையைப் பார்க்கத்தான் இவ்வளவு பேர் வர்றாங்க. நீ நிறுத்திட்டா மன்றமே படுத்துடும்."

"படுக்கட்டும். அந்தம்மா அழுதுட்டுப் போறாங்க, உனக்குக் கூட்டம்தான் பெரிசா?"

தம்பி தரையைப் பார்த்தான். சிறு வயதில் திட்டு வாங்கும்போது வரும் அதே முனகல்.

"சரிக்கா... இனிமே அவங்களைப் பத்தி எழுத மாட்டேன்."