கார்னர் வீடு

“கார்னர் வீட்ட விட்டுட்டு நடு வீட்ட வாங்கின ஆளும்மா உங்கப்பன். அவன்கிட்ட போயி நல்லது கெட்டது பேசிக்கிட்டிருக்கே.”

பின்வாசல் படியில் உட்கார்ந்து பால் விடாத வரக்கோப்பியை ஊதியபடி சன்னாசி மாமா சொன்னார். வரிசையின் கடைசி வீட்டுக்காரர்.

பிரமிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளானிலிருந்து விடியுமுன் கிளம்பி ஈப்போ வந்திருந்தாள். சிமெண்டு மூட்டைகள் இறங்கியாயிற்று. கண்ட்ராக்டர் தீபன் மண்வெட்டியோடு காத்து நிற்கிறான். அப்பா கார்த்திகேசு மட்டும் கட்டுப் போட்ட காலை நீட்டி, பின்கதவை மறித்து நாற்காலி போட்டிருந்தார்.

“இங்க சிமெண்டு வேணாம்,” என்றார் மறுபடியும்.

“வழுக்கி விழுந்து மழையில கெடந்தீங்களே, மறந்துட்டீங்களா? மாமா சத்தம் கேட்டு வரலன்னா?”

அம்மா இறந்த பிறகு அப்பாவின் பேச்சே குறைந்துவிட்டது. கிள்ளானுக்கும் வர மாட்டேன் என்றுவிட்டார். அந்த வரிசையில் எல்லாரும் அடுக்களையைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, ஒரு பிடி மண் தெரியாமல் பூசிவிட்டார்கள். இந்த வீட்டில் மட்டும் பாசி பிடித்த ஒரு துண்டு மண்ணும், குடிவந்த அன்று அம்மா நட்ட நந்தியாவட்டைச் செடியும்.

“பொழுது சாயுற நேரத்துல அப்பா அங்க எதுக்குப் போனாரு, மாமா?”

“பூனைக்குப் பால் வைக்கப் போனானாம். முன்ன உங்கம்மா வைக்கும், இப்ப இவன் வைக்கிறான். இந்தச் சந்துல நான் பாத்ததெல்லாம் நாயிதான்லா.”

தீபன் சிரித்தான். “அது என்னா மாமா, கார்னர் வீட்டுக் கதை?”

“தோட்டத்த வித்து இந்தத் தாமான் வீடுங்களக் கட்டினப்ப, எங்களுக்கெல்லாம் குலுக்கல்ல வீடு குடுத்தாங்க. நான் மேல் டிவிஷன், இவன் கீழ் டிவிஷன். இவனுக்கு விழுந்தது பக்கத்துல எடம் உள்ள கார்னர், எனக்கு இந்த வீடு. மறுநாளே வந்து, ‘மாத்திக்கலாமா மச்சான்’னான். ரப்பர் பாலு உறைய ஆசிட் ஊத்துவோம்ல, அத யாரோ இவன் மூளையில ஊத்திட்டாங்கன்னு நெனச்சேன். மனசு மாறுறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டேன். ஏன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்கல.”

“அப்ப இதெல்லாம் ரப்பர் காடா?”

“நீ லாரி நிறுத்தியிருக்கியே, அது பெரட்டுக் களம். இருட்டோட வந்து நின்னு பேரு குடுக்கணும். இந்த வரிசை இடுகாடு. மொகத்த அப்படி வச்சிக்காத, எல்லாத்தையும் அப்பவே தோண்டி எடுத்து மலைப்பக்கம் கொண்டு போயிட்டாங்க. எங்கப்பா உசுரோட இருக்கறப்ப லாரி ஏறினதில்ல, செத்த பொறகு ஏறினாரு. அந்தா கிளினிக்கு தெரியுதா? அது ஆயாக் கொட்டகை. புள்ளைங்கள அங்க விட்டுட்டுத்தான் பொம்பளைங்க பால் வெட்டப் போவாங்க.”

தீபன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரமிளாவும் பார்த்தாள். அந்த மண்ணில்தான் அவள் சின்ன வயது முழுக்கக் கழிந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தம்பியோடு சைக்கிளில் தாமானைச் சுற்றுவார்கள். அவள் ஒற்றைப் பிள்ளை. ‘எனக்கு மட்டும் ஏம்மா யாருமே இல்ல?’ என்று அழுதால், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ‘பின்னால போயி வெளையாடு,’ என்பாள். முன்வாசலில் நிழல் இருக்கும், ரோட்டில் ஆள் இருக்கும்; ஆனாலும் பின்னால்தான் அனுப்புவாள். செடியடியில் மண்சோறு ஆக்கி, தனக்குத்தானே பரிமாறி, தானே சாப்பிட்டு எழுந்திருப்பாள் பிரமிளா. அம்மாமேல் அவளுக்கு அந்த ஒரு வருத்தம் கடைசிவரை இருந்தது.

அப்பாவின் நாற்காலியருகே குந்தினாள்.

“அம்மா செடிதான்பா, அதத் தொட்டியில வச்சுத் தரேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. உங்கள இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? அம்மாவும் இல்ல. எனக்கு உங்கள விட்டா வேற யாரு இருக்கா?”

அப்பா அவளை ஒரு முறை பார்த்தார். நாற்காலியை மெல்ல ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

“போடு தம்பி. செடிகிட்ட மட்டும் போகாத.”

“செடிய விட்டா வேரு சிமெண்ட பொளந்துரும் அங்கிள். பிடுங்கிடலாம்,” என்றபடி தீபன் செடியடியில் மண்வெட்டியை ஓங்கினான்.

அப்பா எழுந்துவிட்டார். கட்டுப் போட்ட காலோடு மண்ணில் இறங்கி, தடுமாறி, செடிக்குக் குறுக்கே போய் நின்றார். பிரமிளா ஓடிப் போய்த் தாங்கிக்கொண்டாள். தீபன் பின்னால் நகர்ந்தான். சன்னாசி மாமா கோப்பியைக் கீழே வைத்தார்.

“கல்லு வச்ச குழியத்தான்மா அவங்க தோண்டி மலைப்பக்கம் மாத்தினாங்க,” என்றார் அப்பா, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி. “பால்குடி மறக்காத புள்ளைக்கு நாங்க கல்லு வைக்கிறதில்ல, செடிதான். அதையும் மெசினு தள்ளிட்டுப் போயிருச்சு. எடம் எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்ல.”

“யாருப்பா?”

“உன் அண்ணன்.”

அம்மா தன்னை ஒரு நாளும் தனியாக விளையாட அனுப்பியதில்லை என்பது பிரமிளாவுக்கு அப்போதுதான் புரிந்தது.