கடைசிப் பத்தடி

"கடைசிப் பத்தடிக்குக் கேபிள் வேணாம்மா. விட்டுடுங்க."

சீவகன் நயினார் இதையே திரும்பத் திரும்பச் சொன்னதும் சிந்துஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

திருவண்ணாமலையில், அவலூர்பேட்டை ரோட்டில் நயினாருக்குச் சொந்தமாக நெய் கம்பெனி. கார்த்திகை பிறந்தால் போதும், தீபத்துக்கு வருகிற கூட்டத்தை நம்பிக் கடைக்காரர்கள் நெய் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பனியும் அதே கார்த்திகையில்தான் வந்து தொலைக்கும். கொட்டகை டேங்கிலிருந்து பேக்கிங் ரூமுக்குப் போகிற பைப்பில், விடிவதற்குள் நெய் உறைந்து கெட்டியாகிவிடும்.

அதற்குத்தான் மின்சாரக் கேபிள். பைப்பை ஒட்டியே அதை ஓடவிட்டு, மேலே பஞ்சு சுற்றி, தகடு போட்டு மூடிவிட்டால் நெய் இளகியபடியே இருக்கும். சூடு ஏறினால் தானாக அணையும், இறங்கினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். சென்னை கம்பெனி ஒன்றிலிருந்து அளவெடுத்து டிசைன் போட வந்தவள் சிந்துஜா.

"சார், எந்த இடத்துல விட்டாலும் அந்த இடத்துல உறைஞ்சிடும். பைப்பு முழுக்கச் சூடு பண்ணிட்டு, கடைசியில வாய்கிட்ட அடைச்சுக்கிட்டா என்ன பிரயோஜனம்?"

"அடைச்சுக்கட்டும்."

"பத்தடிக்கு ஒண்ணும் செலவு ஜாஸ்தி ஆகாது சார்."

"ஜாஸ்தி கம்மி பேச்சே இல்லம்மா. வேணாம்னா வேணாம்."

கஞ்சன்! இவ்வளவு பெரிய கம்பெனியை வைத்துக்கொண்டு பத்தடிக் கேபிளில் போய் மிச்சம் பிடிக்கிறாரே மனுஷன் என்று சிந்துஜாவுக்கு வெறுத்துப்போனது.

"அப்படின்னா இந்த டிசைன்ல என் பேரைப் போட மாட்டேன் சார். நாளைக்கு நெய் வரலைன்னா என்னைத்தானே கேப்பாங்க?"

நயினார் டிபன் பாக்ஸைத் திறந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது, சமணர்களான அவர்கள் வீட்டு வழக்கம். இட்லியைப் பிட்டவர் வாயில் வைக்காமல் ஜன்னல் பக்கம் கைகாட்டினார்.

வெளியே ஓர் அம்மாள், பைப் மேலிருந்த ஈரக் கோணிகளைப் பிரித்துக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சந்திரம்மா. கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்குது. காலையில வந்து பைப்புல கோணியச் சுத்தி, வென்னீர் ஊத்தி நெய்ய இறக்கிவிடறதுதான் அதோட வேலை. நீங்க முழுசாக் கேபிள் போட்டுட்டா, அதுக்கு இங்க என்னம்மா வேலை இருக்குது?"

"வேற வேலை குடுக்கலாமே சார்?"

"பேக்கிங்ல போட்டுப் பாத்தேன். கண்ணு சரியாத் தெரியலன்னு அதுவே திரும்பி வந்துடுச்சு. சும்மா உக்கார வச்சுச் சம்பளம் குடுத்தா வாங்காது, ரோஷக்காரி. புருஷனும் இல்ல, பொண்ணையும் கட்டிக்குடுத்துட்டுது. அதுக்குன்னு ஒரு வேலை இருக்கட்டுமே."

நயினார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுகிட்ட எதுவும் சொல்லிடாதீங்கம்மா. பாவம், இந்த வேலை இல்லன்னா தவிச்சுப் போயிடும்."

சிந்துஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. இப்படிப்பட்டவரைப் போய்க் கஞ்சன் என்று நினைத்தோமே! அன்றைக்கே கடைசிப் பத்தடியை வெறுமனே விட்டு வரைபடம் போட்டாள். கீழே தன் பெயரையும் போட்டாள். அவள் போட்ட டிசைன்களிலேயே உருப்படாதது அதுதான், அவளுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

கேபிள் ஓட்டி முடித்த மறுநாள் காலை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிந்துஜா பைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, சந்திரம்மாள் வென்னீர் வாளியோடு வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து பைப் மேல் கை வைத்தாள்.

"அட, வெதுவெதுன்னு இருக்குதே பாப்பா! அப்போ இனிமே வென்னீர் ஊத்தவே வேணாமா?"

கேட்டவளின் குரல் லேசாக நடுங்கியது. வேலை போய்விடுமோ என்ற பயம்தான், பாவம். சிந்துஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. கடைசிப் பத்தடிக்குக் கேபிள் போடல. அதுக்கு நீங்க வந்துதான் ஆகணும்."

"தினமுமா?"

"தினமும்தான்!"

சந்திரம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பம்ப்செட் மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பாப்பா, இப்படிப் பண்ணிட்டே?"

சிந்துஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"முட்டி ரெண்டும் போயிடுச்சு பாப்பா. கீழ்பென்னாத்தூர்ல எம்பொண்ணு, 'வந்து எங்கூட இரும்மா'ன்னு போன வருஷத்துலேர்ந்து கூப்பிட்டுக்கினே இருக்குது. கேபிளு வருதுன்னு சொன்னதும், இனிமே நிம்மதியாப் போயிடலாம்னு அண்ணாமலையாருக்கு நெய் விளக்கெல்லாம் வேண்டிக்கிட்டேனே!"

"இதை நயினார்கிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எப்படிச் சொல்றது? புருஷன் போயி நடுத்தெருவுல நின்னப்ப வேலை குடுத்தவரு. தீபத்து நேரத்துல பைப்பு அடைச்சுக்கிச்சுன்னா கையப் பிசைஞ்சுக்கினு நிப்பாரு. எப்படி விட்டுட்டுப் போறது?"

பைப்பின் நீளம், அகலம், சூடு, குளிர் என்று அத்தனையையும் அளந்த சிந்துஜாவுக்கு, இந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நயினாருக்கும்தான் தோன்றவில்லை.

"நான் வேணா அவருகிட்ட பேசறேம்மா."

சந்திரம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவசரமாக வாளியைத் தூக்கினாள்.

"ஐயோ, அவருகிட்ட எதுவும் சொல்லிடாத பாப்பா. பாவம், நான் இல்லன்னா தவிச்சுப் போயிடுவாரு."