மதகுக்காரி

நஸீமா உருவாக்கிய வீடியோ விளையாட்டில் ஒரு மதகுக்காரி உண்டு. மழை வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காப்பாற்ற அவள் மதகைத் திறந்தால், கீழேயிருக்கும் குப்பம் மூழ்கிவிடும்.

"அவ பாசிஸ்ட்" என்றான் அதை ஆடிப் பார்த்த நண்பன் எட்வின்.

"போடா, தலைவின்னா அப்படித்தான் இருக்கணும்" என்று எகிறினான் கூட ஆடிய திலகன்.

கேட்டுக் கேட்டு நஸீமாவுக்குத் தலை வலித்தது. "அவளா எதையும் திறக்க மாட்டாடா! நீங்க பொத்தானை அழுத்தலன்னா சும்மாதான் நிப்பா. கொஞ்ச நேரத்துல மழை தானா விட்டுடும், யாரும் சாகமாட்டாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட காத்திருக்கல."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் மதகுக்காரி சக்கரத்தில் கைவைத்தபடி நனைந்துகொண்டிருந்தாள்.

"அப்போ அவ நடுநிலைவாதி. அது இன்னும் மோசம்" என்றான் எட்வின். முதல்முறையாகத் திலகனும் ஆமாம் போட்டான். எட்வின் அடுத்த காட்சியைப் பார்க்கும் அவசரத்தில் பொத்தானை அழுத்தினான்.