எழுத்து பிறக்கும் இடம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

‘தண்ணி’. ஒரே ஒரு சொல். காலையிலிருந்து அதைச் சொல்லவைத்துவிட வேண்டுமென்று மனைவி படாத பாடு படுகிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து கணவருக்கு நாக்கு மேலே எழவில்லை. குழறல்தான் வந்தது.

அடுத்த கட்டிலில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

இனி வாயே திறப்பதில்லை என்று முடிவுகட்டிய முகம்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்லூரி மாணவி. உயிரியல். விடுமுறையில் வார்டு வேலைக்கு உதவ வந்தவள்.

கொஞ்சம் முன்னால் அவர் காபி குடித்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அப்படியென்றால் உதடு பிழைத்திருக்கிறது.

இலக்கண வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. அவள் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பவர்களும் இலக்கணம் படித்தே தீர வேண்டும். கடனே என்று போய் உட்கார்ந்திருந்தாள். நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட்டால் ‘த’ பிறக்கும். உதடு இரண்டும் சேர்ந்தால் ‘ப’வும் ‘ம’வும். உயிரியல் படிக்கிறவளுக்கு எழுத்து எங்கே பிறந்தால் என்ன என்று அன்றைக்குத் தோழியிடம் அலுத்துக்கொண்டாள்.

‘தண்ணி’க்கு நாக்கு வேண்டும்.

உதட்டிலேயே பிறந்து உதட்டிலேயே முடிகிற சொல் ஒன்று கிடைத்தால் போதும்.

அவரைச் சொல்லவைத்துப் பார்க்கலாம், உங்கள் பெயர் என்ன என்று மனைவியிடம் கேட்டாள்.

“பூமா.”

சொன்ன கையோடு அந்த அம்மாள் தலையாட்டி மறுத்தார். “அது வேணாம்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ‘இந்தா’ன்னுதான் கூப்பிடுவாரு.”

‘இந்தா’வுக்கும் நாக்கு வேண்டும்.

இதுவும் வராமல் போனால் மனிதர் இனி முயலவே மாட்டார். அவளுக்குப் பயமாக இருந்தது.

கட்டிலைச் சுற்றிப்போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். மனைவியைக் கைகாட்டினாள். உதடுகளைச் சேர்த்தாள். பிரித்தாள். மறுபடி சேர்த்தாள். சத்தமே இல்லாமல்.

அவர் பார்த்தார்.

அவள் விடவில்லை.

அவர் உதடுகள் மெல்லச் சேர்ந்தன.

“பூ…”

அவள் மறுபடி உதடுகளைச் சேர்த்துக் காட்டினாள்.

“…மா.”

மனைவி கட்டிலை ஒட்டித்தான் நின்றிருந்தார். கைக்கு எட்டும் தூரம்.

ஆனாலும் அடுக்களையிலிருந்து ஓடி வருகிறவர் மாதிரி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“என்னங்க?”