பச்சை ஸ்டிக்கர்

"மரபணு மாத்தின சோளம்தான் டாக்டர்! ஸ்டிக்கர்ல பொய்யை எழுதி நம்ம தலையில கட்டிட்டானுங்க!"

அப்பா போட்ட சத்தத்தில் கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் அவருடைய ஏழு வயசு மகள். வீட்டில் 'வாலு' என்று பேர், இப்போது கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. உதடு வீங்கி, கண் இடுங்கி, மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் தொடையில் ஊசியைப் போட்டு, முகத்தில் ஆக்சிஜனை மாட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "வேர்க்கடலை ஏதாவது சாப்பிட்டாளா?"

"ஐயோ, கடலை இவளுக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்குள்ளேயே விடுறதில்ல. இந்தச் சோள பிஸ்கட்தான் ரெண்டே ரெண்டு தின்னா. பின்னாடி எழுதியிருக்கிறதை எழுத்து விடாமப் படிச்சிட்டுத்தான் வாங்கினேன்!" என்று பாக்கெட்டை நீட்டினார்.

மனுஷன் பொய் சொல்லவில்லை. மரபணு மாற்றிய உணவுக்கு லேபிள் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாசமாக டி.வி.யில் சண்டை. சோபாவில் உட்கார்ந்தபடியே இவர் தினமும் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். 'மரபணு மாற்றம் இல்லை' என்ற பச்சை ஸ்டிக்கர் இல்லாத எதையும் வீட்டுக்குள் விட மாட்டேன் என்று சபதம் வேறு.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா ஓடி வந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், தலையில் மாட்டிய வலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"வாலு... வாலும்மா... அம்மா வந்துட்டேன்டா, என்னைப் பாரு!"

குழந்தை பார்க்கவில்லை. விசில் சத்தமும் சட்டென்று நின்றது.

"இன்னொரு ஊசி, சீக்கிரம்!" என்றார் டாக்டர். நர்ஸ் ஓடினாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் கும்பிடாத சாமி இல்லை.

மூன்றாவது நிமிஷம் குழந்தை இருமியது. பிறகு வீலென்று அழுதது. "அழட்டும், அழட்டும்" என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

மூச்சு சீரானதும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் பிஸ்கட் படம் பளபளவென்று இருந்தது. பின்பக்கம், பொருட்களின் பட்டியலில் கடைசி வரிகளையும் மூடிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஸ்டிக்கர்.

"இதுக்கு அடியில என்னமோ அச்சடிச்சிருக்கு" என்று நகத்தால் சுரண்டினார். ம்ஹூம், வரவில்லை.

"குடுங்க டாக்டர்." அம்மா வாங்கினாள். மூலையை ஒரு நெம்பு, ஒரே இழுப்பு. கொஞ்சங்கூடக் கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது.

அடியில் சிவப்பு எழுத்தில் இருந்தது: 'எச்சரிக்கை: வேர்க்கடலை மாவு சேர்க்கப்பட்டது.'

"சோளத்து மேல பழியைப் போடாதீங்க. சோளம் ஒண்ணும் பண்ணல" என்றார் டாக்டர். "படத்தை மறைக்கக் கூடாதுன்னு எச்சரிக்கையை மறைச்சிருக்காங்க. அஞ்சு நிமிஷம் லேட்டாயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அப்பாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "எந்தப் பாவி ஒட்டினான்? கண்ணு அவிஞ்சா போச்சு? என் கையில மட்டும் கிடைச்சான்..."

அம்மா காதில் அது எதுவும் விழவில்லை. முகம் வெளுத்துப்போய், போனில் நம்பரை அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் மணி அடித்தது.

"சூப்பர்வைசர் சார், போன வாரம் நான் ஸ்டிக்கர் ஒட்டின பாக்கெட்டெல்லாம் எந்தெந்தக் கடைக்குப் போயிருக்கு?"